உப்புப் போட்ட சனிக்கிழமைகள்

தம்பி,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவன் நீ. அன்றைக்கு உன்னோடு சண்டை பிடித்து அனுப்பாமல் விட்டது என் பிழை. ஆனால் இன்றைக்கு அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். நேரில் சொன்னால் நடுவில் புகுந்து, "அம்மா, நான் சொல்லுறதையும் கேளுங்கோ" என்பாய். கடிதத்துக்கு நடுவில் புக முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். மதுராவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. உன் மனைவி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு வருடமாக என்னைச் சுற்றி நடந்ததில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான், அதுவும் தான் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு நீ வந்து, "பின் அறைக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, எங்களோட வந்து இருங்கோ அம்மா" என்றாய். அதற்குப் பிறகு வந்த உன் அழைப்பு ஒன்றையும் நான் எடுக்கவில்லை. "அம்மா இன்னும் அதிர்ச்சியில இருக்கிறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறாயாம். அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எனக்கு உன்மேல் கோபம். உன் அப்பா மேலும் கோபம். அவரைப் பிடித்து உலுக்கிக் கேட்க வழியில்லாததால் இரண்டு பேருக்குமான கோபத்தையும் நீதான் வாங்க வேண்டும்.

அந்த மீனில் இருந்தே தொடங்குகிறேன். நீ பிறப்பதற்கு முதல் வருடம் அப்பாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் மீன் விற்கிற தட்டு ஒன்றில் வேலை கிடைத்தது. பனி கரைகிற மாதங்களில் கஸ்பே பக்கத்துக் கடலில் இருந்து ஹெரிங் பெட்டி பெட்டியாக வரும். எங்களுடைய சூடைக்கு அண்ணன் மாதிரி ஒரு மீன். நீல முதுகு, வெள்ளி வயிறு, நிறைய முள், நிறைய எண்ணெய். கடைக்காரர் அதை வினாகிரியில் ஊறப்போட்டு ஒரு போத்தல் கொடுத்துவிட்டார். அப்பா பெரிய சந்தோஷத்தோடு கொண்டுவந்தார். ஒரு துண்டு வாயில் வைத்தேன். சீனி! மீனுக்குச் சீனி போட்டிருக்கிறார்கள். ஓடிப்போய்க் குழாயடியில் துப்பினேன். அப்பா கதவில் சாய்ந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இஞ்சாரும், நீர் ஒருக்கா செய்து பாருமன்" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

நான் செய்கிற விதம் உனக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அது என்னுடையது. தலையையும் குடலையும் எடுத்து, நடுமுள்ளை உருவி, உப்பும் மீனும் உப்பும் மீனுமாக அடுக்கி இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பேன். உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுத்துச் சதையை இறுக்கும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி வேண்டிய அளவுக்கு உப்பை இறக்குவேன். ஆப்பிள் வினாகிரியில் கொறுக்காய்ப்புளி போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுவேன். வறுத்து இடித்த செத்தல் மிளகாய், ஒன்றிரண்டாய் நொறுக்கிய கடுகு, மிளகு, பெருஞ்சீரகம், கொஞ்சமே கொஞ்சம் வெந்தயம். உள்ளியும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் மீன் துண்டுகளுக்கு இடையில் போகும். ஐந்து நாள் போத்தலைத் தொடக்கூடாது. ஆறாம் நாள் சோற்றுப் பானையைத் திறக்கிற சத்தம் கேட்டாலே அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்.

அப்படி இருந்த மனிதருக்குத்தான் இதயம் சோர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உப்பு கூடாது, தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டும், ஒவ்வொரு நாள் காலையும் நிறை பார்த்து எழுத வேண்டும், நிறை சட்டென்று ஏறினால் உடம்பில் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும் என்று தாதி சொன்னா. நீதான் பிரெஞ்சில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாய். ஆகவே உனக்குத் தெரியாது என்று நீ சொல்ல முடியாது. அன்றைக்கே வீட்டிலிருந்த உப்புப் பையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அவர் உப்பில்லாமல் சாப்பிட நான் மட்டும் எப்படி ருசியாகச் சாப்பிடுவது? நானும் விட்டேன். இரண்டு வருடம், தம்பி. உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கீரை, உப்பில்லாத சோறு. ஹெரிங்கைக்கூட உப்பில்லாமல், புளியையும் மிளகாயையும் கூட்டிச் செய்து பார்த்தேன். உப்பு இல்லாவிட்டால் அந்த மீன் இறுகாது, குழைந்துபோகும். அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்பார். பாவம், எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்து நான் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும், "சந்தைப் பக்கம் போட்டு வாறன்" என்று புறப்படுவார். கூட வேலை செய்தவர்களைப் பார்த்துக் கதைத்துவிட்டு வரட்டும், நடப்பது உடம்புக்கும் நல்லது என்று நானும் விட்டேன். வழியில் பசிக்கும் என்று வெள்ளரிக்காய் வெட்டிச் சின்னப் பெட்டியில் கொடுத்துவிடுவேன். திரும்பி வரும்போது ஒரு தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே படியேறுவார். அந்த வாசத்தோடு அவர் வீட்டுக்குள் வருவது எனக்குப் பிடிக்கும். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், அது மீன் வாசத்தை மறைக்கத் தின்ற தோடம்பழம். அவர் உன் வீட்டுப் படியிலிருந்து இறங்கித்தான் வந்திருக்கிறார், நீ குடியிருக்கிற வில்லரேயில் இருந்து. வெள்ளரிக்காயை யார் தின்றது? நீயா?

இனித்தான் எனக்கு ஆறாத இடம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நிறை ஏறியிருக்கும். எல்லா ஞாயிறும் இல்லை, ஆனால் பெரும்பாலான ஞாயிறு. சில நாள் முக்கால் கிலோ, சில நாள் ஒரு கிலோ. நான் நிறை எழுதுகிற கொப்பியைப் பார்த்துப் பார்த்து, சனிக்கிழமை என்ன சமைத்தேன் என்று மண்டையைப் போட்டு உடைப்பேன். கடையில் வாங்குகிற பாணில் உப்பு இருக்குமோ என்று பாணை நிறுத்தினேன். தக்காளி டின்னில் இருக்குமோ என்று அதையும் நிறுத்தினேன். என் கறித்தூளில்தான் ஏதோ பிழை என்று, வறுத்து அரைத்து ஒரு கிழமைகூட ஆகாத தூளை முழுக்கக் கொட்டினேன். தாதி தொலைபேசியில் கேட்டபோது, நான்தான் சமையலில் எங்கேயோ பிழை விடுகிறேன் என்று என் உடைந்த பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் போகிற குளிசையை அவர்கள் கூட்டிக் கொடுத்தார்கள். அப்பா மேசையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு தாங்க முடியாமல் உனக்கு அழைத்து அழுதேன். "அம்மா, தராசுதான் பிழையா இருக்கும், யோசிக்காதேங்கோ" என்றாய். அன்று மாலையே புதுத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து குளியலறையில் வைத்தாய். நான் உன் தலையைத் தடவினேன். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். நீ அதைக் கேட்டுக்கொண்டுதானே சப்பாத்தைப் போட்டாய்? பொய் சொன்னதைக்கூட நான் ஒருநாள் மறந்துபோவேன். அந்தத் தராசை எப்படி மறப்பது? உன் கண்ணுக்கு முன்னால் உன் அம்மா தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டு நிற்கிறாள், நீ கடைக்குப் போய் அவளுக்கு ஒரு தராசு வாங்கி வருகிறாய்.

எனக்கு என் பிழையும் தெரியும். மறைக்கவில்லை. செயின்ட்-மிஷேலில் ஒரு மண்டபத்தில் நடந்த கலியாண வரவேற்பு உனக்கு நினைவிருக்கும். அப்பா மீன் ரோல்ஸ் ஒன்றை எடுத்து ஒரு கடிதான் கடித்தார். நான் எழும்பிப் போய்க் கையில் இருந்து பறித்தேன். "சாகப் போறீங்களோ? என்னை விதவையாக்கிப் போட்டுத்தான் விடுவீங்களோ?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். மேசையில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவர் கையில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றுகிறவளுக்கு எதற்கு மன்னிப்பு என்கிற திமிர் எனக்கு. நீ எதிர் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் முதல் சனிக்கிழமையோ என்று யோசிக்கிறேன். அப்படியென்றால் சொல்லு. என் பங்குக்கு வேண்டியதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நீ அதை என்னிடம் இருந்தே எடுத்துக்கொண்டாய் பார், அதுதான் நெஞ்சில் கிடக்கிறது. கலியாணம் முடித்துத் தனியே போன பிறகு நீ சமையல் கேட்டு அழைக்கத் தொடங்கினாய். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "அம்மா, கடுகை அரைக்கிறதோ, நொறுக்கிறதோ?" நொறுக்கு என்றேன். "வெந்தயம் எவ்வளவு?" விரல் நுனியால் அள்ளுகிற அளவு என்றேன். பிறகு ஒருநாள், "செயின்ட்-மிஷேல் கடையில வாளியில உப்பு ஹெரிங் கிடக்கு அம்மா, அதை எத்தினை தண்ணி மாத்தி ஊற வைக்கிறது?" என்று கேட்டாய். நாலு தண்ணீர் என்றேன். பிறகு, "அப்பாவுக்குப் பிடிச்ச பக்குவம் எண்டால்?" என்றாய். உன் குரல் ஆடவே இல்லை. நான் சிரித்துக்கொண்டு, "அந்த மனிசனுக்கெண்டால் ரெண்டு தண்ணி காணும்" என்றேன். அப்பா முந்திச் சாப்பிட்ட ருசியை என் பிள்ளை நினைத்து வைத்திருக்கிறான் என்று பூரித்துப்போனேன். என் வாயாலேயே அளவைக் கேட்டு எனக்குத் தெரியாமல் அவருக்குப் பரிமாறியிருக்கிறாய்.

எட்டாம் நாளுக்கு வருகிறேன். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதை, மீன், இறைச்சி என்று மச்சம் உட்பட, அன்றைக்கு இலையில் வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா போவதற்கு நாலு நாள் முன்னால் நான் செய்துவைத்த உப்பில்லாத போத்தல் வீட்டில் இருந்தது. கடைசியாக அவருக்கென்று என் கையால் செய்தது. அதை எடுத்துப் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தேன். நீ வந்து பைக்குள் இருந்து இன்னொரு போத்தலை எடுத்து அதே இலையில், என்னுடையதுக்குப் பக்கத்தில், நாலு துண்டு வைத்தாய். படையல் முடிந்து இலையில் இருந்ததைப் பகிர்ந்தபோது உன் துண்டு ஒன்று என் தட்டில் வந்தது. வாயில் வைத்தேன். சதை இறுக்கமாக இருந்தது. கடுகு, கொறுக்காய்ப்புளி, அந்தத் துளி வெந்தயம், எல்லாம் என் கை. எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் நாக்கில் பட்ட முதல் உப்பு அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கம் என்று நினைத்து மதுரா பக்கத்தில் வந்து என் முதுகைத் தடவினாள். அவளுடைய அந்தப் பிரெஞ்சு கலந்த தமிழில், "மாமாக்கு இது சரியான விருப்பம் தானே மாமி. ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கட வீட்டை வந்து சாப்பிட்டிட்டுத்தானே போறவர். நீங்கள்தான் அனுப்புறனீங்கள் எண்டு இவர் சொன்னவர்" என்றாள்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்தாய். நடையில் வைத்து நான் கேட்டபோது நீ சொன்னது ஒரே ஒரு வசனம். "அப்பாதான் சொல்ல வேண்டாம் எண்டவர் அம்மா." அவ்வளவு சுலபமாகப் படத்துக்குள் இருக்கிறவர் மேல் தூக்கிப் போட்டுவிட்டாய். அவர் சொல்ல வேண்டாம் என்றார், சரி. உன் மனைவியிடம் பொய் சொல்லச் சொல்லியுமா அவர் சொன்னார்? தராசு வாங்கச் சொல்லியுமா சொன்னார்?

உப்புத்தான் அவரைக் கொண்டுபோனதா என்று நான் டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவர் ஓம் என்று சொன்னால் நான் உன் முகத்தில் எப்படி முழிப்பது? இல்லை, எப்படியும் அந்த இதயம் அவ்வளவுதான் என்று சொன்னால், இரண்டு வருடம் அவருடைய வாயைக் கட்டிப்போட்டவள் நான் அல்லவா? இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்குத் தாங்காது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். நீயும் போய்க் கேட்காதே.

மதுராவிடம் ஒன்றையும் ஒளிக்காதே. நான் புத்திமதி சொல்கிற நிலையில் இல்லை, ஆனாலும் அம்மா என்றபடியால் சொல்கிறேன். அவள் ஒருநாள் நாலு பேருக்கு முன்னால் உன்னை மட்டந்தட்டிப் பேசினால், வீட்டுக்கு வந்து, நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. சண்டை பிடி. கதவை வேண்டுமானால் அடித்துச் சாத்து. பேசாமல் எழும்பிப் போய் இன்னொரு வீட்டு மேசையில் உட்காராதே. உன் அப்பா என்னோடு ஒரு தரமாவது சண்டை பிடித்திருந்தால், எனக்கு உப்பு வேணும், கொஞ்சநாள் குறைந்தாலும் பரவாயில்லை என்று மேசையில் அடித்துச் சொல்லியிருந்தால், நான் முதலில் கத்தியிருப்பேன், ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். பிறகு நானே ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பேன். அந்தச் சந்தர்ப்பத்தை நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தரவில்லை. ஒரு துண்டுகூட வைக்க மாட்டாள், இவள் இரங்க மாட்டாள் என்று என்னைப் பற்றி முடிவு கட்டிவிட்டீர்கள். நாற்பது வருடத்தில் அவ்வளவுதான் என்னை அவர் தெரிந்துகொண்டது.

உன் பின் அறைக்கு நான் வரமாட்டேன். இப்போதைக்கு இல்லை. அந்த வீட்டு மேசையைப் பார்த்தால் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நீ, நடுவில் போத்தல் என்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு இல்லாத கதிரையில் நான் எப்படி வந்து இருப்பது? ஆனால் உன்னை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவும் என்னால் முடியாது. இந்தக் கிழமை கடைக்குப் போய் உப்பு வாங்கினேன். கறியில் போட்டேன். ருசியாக இருந்தது. அதற்கும் அழுதேன்.

நீ இங்கே வா. வந்து இரு. அங்கே என்ன கதைத்தீர்கள் என்று சொல்லு. அவர் எப்படிச் சாப்பிட்டார், விரலை நக்கினாரா, சிரித்தாரா, என்னைப் பற்றிக் குறை சொன்னாரா, எல்லாவற்றையும் சொல்லு. குறை சொல்லியிருந்தால் அதையும் சொல்லு, கேட்பேன். இரண்டு வருடத்தில் அவர் சந்தோஷமாக இருந்த நேரம் முழுக்க உன்னிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது நிறை எழுதின கொப்பி மட்டும்தான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நான் இங்கே உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியும். அத்தனை சனிக்கிழமைகளில் ஒரு நாளாவது, போத்தலை மூடும்போது, "அம்மாவுக்கும் ஒரு துண்டு எடுத்து வை" என்று அவர் சொன்னாரா? சொல்லியிருந்தால், எப்போது, எப்படிச் சொன்னார் என்று எனக்குச் சொல்லு. சொல்லவில்லை என்றால், சொன்னார் என்று சொல்லு. என்னிடம் பொய் சொல்ல உனக்கு நன்றாகத் தெரியும். நான் நம்பிக்கொள்வேன்.

அம்மா